பின் சீட் ஹெட்ரெஸ்ட் புகார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வாங்கியவர்கள் எங்கள் நுகர்வோர் குழுவைக் கூப்பிட்டால் பேச்சு ஏசி, மைலேஜ் என்று தொடங்கி எப்படியோ பின் சீட்டின் ஹெட்ரெஸ்டுக்கு, அதாவது சீட்டுக்கு மேலே தலைக்குப் பின்னால் நிற்கும் மெத்தைக்கு, வந்துவிடுகிறது. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. போனில் ஒவ்வொருவருக்கும் முழுதாகச் சொல்ல முடியாததால் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சட்டமும் தொகையும் இந்தியாவுக்கானவை. வேறு நாட்டைச் சொல்லும் இடத்தில் அந்த நாட்டின் பெயர் இருக்கும்.

1. ஹெட்ரெஸ்ட் சாஞ்சு தூங்கத்தானே சார்? அது சரியில்லன்னா பாதுகாப்புக் குறைன்னு எப்படிச் சொல்றீங்க?

சாய்ந்து தூங்கலாம்தான். ஆனால் அதை வைத்தது, இன்னொரு வண்டி பின்னால் வந்து மோதும் நேரத்துக்காக. மோதியதும் சீட் உங்கள் முதுகை முன்னே தள்ளும். தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. அதன் கீழ்ப்பாதி பின்பக்கமாகவும் மேல்பாதி முன்பக்கமாகவும் வளைகிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். கையை வைத்துத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கக்கூட நேரமிருக்காது.

இந்தக் காயம் பெரும்பாலும் எலும்பில் இல்லை, தசையிலும் தசைநாரிலும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், வலியும் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தொடங்கும். சிக்னலில் நிற்கும்போது மெதுவாக வந்து இடிக்கும் வண்டியால்கூட இது வரும்.

2. சீட் பெல்ட் போட்டுட்டா போதாதா?

பெல்ட் பிடிப்பது மார்பையும் இடுப்பையும். தலையைப் பிடிக்க அதனால் முடியாது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த பிறகுதான் பின் சீட் பெல்ட் பற்றி நாடே பேசியது. பின்னால் உட்கார்ந்தவரும் பெல்ட் போட வேண்டும் என்ற விதி அதற்கு முன்பே இருந்தது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம். அந்தப் பேச்சில் ஹெட்ரெஸ்ட் வரவில்லை, ஏனென்றால் அது முன்புற மோதல். முன்னால் மோதினால் பெல்ட், பின்னால் மோதினால் ஹெட்ரெஸ்ட். இரண்டும் வேண்டும்.

3. எவ்வளவு உயரம் இருக்கணும்? எங்க வண்டியில என் பையனுக்குக் கழுத்து வரைக்கும்தான் வருது.

மேல் விளிம்பு குறைந்தபட்சம் காதின் மேல்நுனி வரை வர வேண்டும். உச்சந்தலை மட்டத்துக்கு வந்தால் இன்னும் நல்லது. தலையின் எடை மையம் உச்சியிலிருந்து சுமார் 9 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. விளிம்பு அதற்கும் கீழே நின்றால், மோதும்போது தலை அந்த விளிம்பின் மேல் பின்னுக்கு மடங்கும். கழுத்து வரை மட்டும் வரும் ஹெட்ரெஸ்ட் காப்பதில்லை என்று சொல்வது இதனால்தான்.

இன்னொரு அளவும் உண்டு, அதை யாரும் பார்ப்பதில்லை. பின்மண்டைக்கும் ஹெட்ரெஸ்டுக்கும் இடையே உள்ள தூரம் 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். குறையக் குறைய நல்லது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பையனை எப்போதும் உட்காருவது போல உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுங்கள். புகார் எழுதும் நாளிலும் அதே போட்டோ உதவும்.

4. பின் சீட்டுக்கு ஹெட்ரெஸ்ட் கொடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கா?

இல்லை. கேட்பவர்களுக்கு ஏமாற்றம் தரும் பதில், ஆனால் மீதி எல்லாம் இதைப் பொறுத்தே இருப்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குமுறை 17, பயணிகள் காரின் முன்வரிசையில் ஓரமாக உள்ள சீட்டுகளுக்குத்தான் ஹெட்ரெஸ்டைக் கட்டாயமாக்குகிறது. பின்னால் வைப்பது தயாரிப்பாளர் விருப்பம். வைத்தால் அதற்கென அளவு உண்டு: இடுப்பு மூட்டுப் புள்ளியிலிருந்து முதுகுச் சாய்வை ஒட்டி அளந்தால் முன் சீட்டுக்கு 800 மில்லிமீட்டர், பின் ஓரச் சீட்டுக்கு 750 மில்லிமீட்டர். நம் நாட்டில் கார் சீட்டுக்கும் ஹெட்ரெஸ்டுக்கும் உள்ள தரம் ஐ.எஸ். 15546.

அமெரிக்காவிலும் இதே கதைதான். முன் சீட்டுக்கு 1969 ஜனவரி 1 முதல் கட்டாயம். 2004 இறுதியில் விதியைக் கடுமையாக்கியபோதும் பின் சீட்டுக்குக் கட்டாயமாக்கவில்லை. வைத்தால் 750 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். பின்னால் உட்காருவது பெரும்பாலும் குழந்தைகளும் வயதானவர்களும். அவர்கள் கழுத்தை விருப்பத்துக்கு விட்டது எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனாலும் புகார் எழுதும்போது இருக்கும் சட்டத்தை வைத்துத்தான் எழுத வேண்டும்.

5. அப்போ என் பேஸ் மாடல்ல பின்னாடி ஹெட்ரெஸ்டே இல்லன்னு புகார் கொடுக்க முடியாதா?

வெறுமனே "இல்லை" என்றால் நிற்காது. "தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை" என்றால் நன்றாகவே நிற்கும். எனவே முதலில் தேட வேண்டியது நீங்கள் வாங்கிய மாதத்து பிரவுச்சர். அதில் உங்கள் வேரியண்டின் வரிசையில் பின் சீட் ஹெட்ரெஸ்டுக்கு நேரே டிக் இருக்கிறதா பாருங்கள். டிக் இருந்து, வண்டியில் அது இல்லையென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி அது முறையற்ற வணிக நடைமுறை. இந்த வகைப் புகார்தான் இருப்பதிலேயே சுலபமானது. நிபுணர் வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், இரண்டு காகிதம் போதும்.

விளம்பரத்தில் டாப் மாடலைக் காட்டிவிட்டு, மூலையில் பொடி எழுத்தில் "படத்திலுள்ள வசதிகள் எல்லா வேரியண்டிலும் இருக்காது" என்று போட்டிருந்தால் கொஞ்சம் கடினம். ஷோரூம் ஆள் வாட்ஸ்அப்பில் "எல்லாம் வரும் சார்" என்று அனுப்பியிருந்தால் அதை அழிக்காதீர்கள்.

6. கீழ இறக்கி வச்சா முதுகுல குத்துது. உட்காரவே முடியல. இது டிசைன் கோளாறுதானே?

பெரும்பாலும் வேண்டுமென்றே அப்படிச் செய்திருப்பார்கள். சீட்டின் மேல் கவிழ்ந்து உட்காரும் வளைந்த ஹெட்ரெஸ்ட், ஆள் இல்லாதபோது ஓட்டுநருக்குப் பின்பக்கம் தெரிய வேண்டும் என்பதற்காகத் தாழ்ந்திருக்கிறது. ஆள் உட்கார்ந்தால் உறுத்தும். உறுத்தினால் தூக்கி வைப்பார். தூக்கி முதல் பூட்டில் நிறுத்திவிட்டு உட்கார்ந்து பாருங்கள். அப்போதும் குத்தினால் பேசலாம்.

7. தூக்கித்தான் வைக்கிறேன். ரெண்டு ஸ்பீட் பிரேக்கர் தாண்டினா தானா இறங்கிடுது.

இது நிஜமான குறை. 4ஆம் பதிலில் சொன்னபடி வைப்பது விருப்பம்தான், ஆனால் வைத்த பிறகு அது நிற்க வேண்டும். தூக்கி வைத்த உயரத்தில் நிற்காத ஹெட்ரெஸ்ட், இல்லாததைவிட மோசம் என்பேன். இருக்கிறது என்று நம்பி உட்காருகிறோமே.

புகாருக்கு முன் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரில் அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். ஒன்று, திருப்பிப் போட்டிருக்கிறதா? பூட்டு விழும் பள்ளம் பல வண்டிகளில் ஒரு கம்பியில் மட்டும்தான் இருக்கும். சீட் கவர் மாட்டியவரோ வண்டி கழுவியவரோ முன்பின் மாற்றிச் செருகினால் பூட்டு விழாது. இரண்டு, சீட் கவரின் துணி அந்தப் பூட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டு இருக்கிறதா? மூன்று, "கிளிக்" சத்தம் வரும் வரை தூக்கினீர்களா?

மூன்றும் சரியென்றால் கவரைக் கழற்றிவிட்டு, ஹெட்ரெஸ்டைப் பூட்டி, இரண்டு கையாலும் நேராகக் கீழே அழுத்துவதை வீடியோ எடுங்கள். பொத்தானைத் தொடாமல் அது இறங்கினால் வேறு சாட்சி தேவையில்லை.

8. ரிவர்ஸ் எடுக்கும்போது மறைக்குதுன்னு ரெண்டையும் கழட்டி வீட்ல வச்சுட்டேன். தப்பா?

பின்னால் யாருமே உட்காராத வண்டியென்றால் பரவாயில்லை. ஆனால் ஊருக்குப் போகும் நாளில் மாமனாரும் மாமியாரும் உட்காருவார்கள், ஹெட்ரெஸ்ட் வீட்டுப் பரண் மேல் இருக்கும். கழற்றுவதைவிடக் கீழே இறக்கி வைப்பது மேல். கழற்றியே ஆக வேண்டுமென்றால் டிக்கியில் நகராதபடி வையுங்கள். சீட் மேல் சும்மா போட்டுவைத்தால் பிரேக் அடிக்கும்போது அது பறந்து வரும்.

9. குழந்தைக்கு சைல்ட் சீட் மாட்டினா ஹெட்ரெஸ்ட் இடிக்குது. கழட்டலாமா?

முன்னோக்கிய சைல்ட் சீட் காரின் முதுகுச் சாய்வோடு ஒட்டி உட்கார வேண்டும். ஹெட்ரெஸ்ட் அதை முன்னே தள்ளினால், உயர்த்திப் பாருங்கள், முடியாவிட்டால் கழற்றலாம். சைல்ட் சீட் கையேடும் கார் கையேடும் இதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அந்தச் சீட்டின் முதுகே குழந்தையின் தலையைத் தாங்கிக்கொள்ளும். சைல்ட் சீட்டை எடுத்த அன்றே ஹெட்ரெஸ்டைத் திரும்ப மாட்டிவிட வேண்டும்.

முதுகு இல்லாத பூஸ்டரில், அதாவது குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் துணை இருக்கையில், உட்காரும் பெரிய குழந்தைக்கு நேர்மாறு. அங்கே காரின் ஹெட்ரெஸ்ட்தான் ஒரே துணை. அது காது வரை வராத வண்டியில் முதுகுள்ள பூஸ்டர்தான் வாங்க வேண்டும். இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள்.

சில கார்களில் ஹெட்ரெஸ்ட் சீட்டோடு ஒன்றாகத் தைத்திருக்கும், கழற்றவே முடியாது. சைல்ட் சீட்டைக் கார் வாங்கும் முன்பே ஷோரூமுக்கு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். வாங்கிய பிறகு அதைக் குறை என்று நிரூபிப்பது பெரும்பாடு.

10. தண்ணியில வண்டி மூழ்கினா கண்ணாடி உடைக்கத்தான் ஹெட்ரெஸ்டைக் கழட்டற மாதிரி வச்சிருக்காங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

இல்லை. சீட்டை மடிக்கவும், மேலே தூக்கி இறக்கவும், 9ஆம் பதிலில் சொன்னது போன்ற தேவைக்கும்தான் கழற்றும்படி செய்கிறார்கள். நெருக்கடியில் கம்பியால் பக்கக் கண்ணாடியை உடைக்க முடியலாம். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட் கண்ணாடியென்றால் விரிசல் விடுமே தவிர வழி விடாது. கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியல் தனியாகக் கிடைக்கிறது.

11. கடையில விக்கிற கழுத்துத் தலையணை மாட்டினா உயரக்குறை சரியாகிடுமா?

ஆகாது. அது உயரத்தைக் கூட்டுவதில்லை, கழுத்தை முன்னே தள்ளுகிறது. 3ஆம் பதிலில் சொன்ன இடைவெளி தலைக்குக் கூடிவிடும். வெளியில் கிடைக்கும் தனி ஹெட்ரெஸ்டையும் பேஸ் மாடலில் சும்மா செருக முடியாது. சீட்டின் உள்சட்டத்தில் கம்பியைத் தாங்கும் குழாய் இருந்தால்தான் அது பிடிக்கும்.

12. என் வண்டி பாரத் என்கேப்ல 5 ஸ்டார். அதுல பின் சீட் ஹெட்ரெஸ்டையும் பார்த்திருப்பாங்கல்ல?

பாரத் என்கேப் என்பது கார்களை மோதவிட்டுப் பார்த்துப் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும் இந்தியத் திட்டம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்த முறையில் முன்புறம் 64 கிலோமீட்டர் வேகத்திலும், பக்கவாட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலும், கம்பத்தில் பக்கவாட்டாக 29 கிலோமீட்டர் வேகத்திலும் மோதிப் பார்க்கிறார்கள். பின்னாலிருந்து மோதினால் கழுத்துக்கு என்ன ஆகும் என்ற சோதனை அதில் இல்லை. ஐரோப்பாவின் யூரோ என்கேப் முன் சீட்டுக்கு 2008 முதலும், பின் சீட் ஹெட்ரெஸ்டின் வடிவ அளவுக்கு 2014 முதலும் இதற்கு மதிப்பெண் தருகிறது. உங்கள் 5 ஸ்டார் பொய்யில்லை. அது இந்தக் கேள்விக்கான பதில் இல்லை, அவ்வளவுதான்.

13. சரி, குறைதான்னு தெரிஞ்சுபோச்சு. முதல்ல யார்கிட்ட போகணும்?

சர்வீஸ் சென்டருக்கு. போய் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது அவர்கள் போடும் வேலைச் சீட்டில், எழுதச் சொல்லுங்கள். "கஸ்டமர் கம்ப்ளெயின்ட்: சீட்" என்று மொட்டையாக எழுதுவார்கள். "பின் இடது ஹெட்ரெஸ்ட் பூட்டிய உயரத்தில் நிற்கவில்லை" என்று முழுதாக எழுதியபின் கையெழுத்துப் போடுங்கள். அதன் நகலையும் 7ஆம் பதிலில் சொன்ன வீடியோவையும் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வண்டியின் சேசிஸ் எண்ணும் வாங்கிய தேதியும் அதில் இருக்கட்டும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் நிறுவனத்திடம் எடுத்துச் சென்று தீர்த்துவைக்க முயல்வார்கள்; உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் பூட்டு, கம்பி மாற்றுவது போன்ற சின்ன வேலைகள் பல இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன.

14. "எல்லா வண்டியிலயும் இப்படித்தான் சார் இருக்கு"ன்னு டீலர் சொல்றார். இனி என்ன பேசறது?

அதை எழுத்தில் வாங்குங்கள். உங்களை அனுப்பிவிடச் சொன்ன வாக்கியம் உங்களுக்கு உதவும் வாக்கியமாகிவிடும். ஒரு வண்டியில் பூட்டு விழாவிட்டால் அது வாரண்டி வேலை. எல்லா வண்டியிலும் விழாவிட்டால், அந்த மாதிரி வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் திரும்பப் பெறுதல் (ரீகால்) பற்றிய விஷயம்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஓட்டுநர், பயணி அல்லது சாலையில் போவோருக்குத் தீங்கு தரக்கூடிய குறையிருந்தால் அந்த மாதிரி வண்டிகளைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். மீறும் நிறுவனத்துக்கு 1 கோடி ரூபாய் வரை அபராதம். மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் உரிமையாளர்கள் புகாரைப் பதியலாம். அந்த மாதிரி வண்டி ஆண்டுக்கு எத்தனை விற்கிறதோ அதற்கேற்ற எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால்தான் அது விசாரணைக்கு நகரும். ஒரே மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து பதியச் சொல்வது இதனால்தான். ஆய்வை அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையங்கள் செய்யும். அவற்றில் ஒன்று சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கிறது.

நிறுவனங்கள் தாமாகவே திரும்பப் பெறுவதும் உண்டு. 2022 டிசம்பரில் மாருதி சுசுகி, முன் சீட் பெல்ட்டின் தோள் உயரத்தை மாற்றும் பாகத்துக்காக 9,125 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஒரு சின்னப் பாகம்தான். "இதுக்கெல்லாமா ரீகால்" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது.

15. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனா எவ்வளவு செலவாகும்? வக்கீல் வேணுமா?

வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400. 50 லட்சம் வரை 1,000. இணையத்தில் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி தளம் வழியாகப் பதியலாம். கார் எங்கே வாங்கினாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

ஆய்வகச் சோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

16. நான் என்ன இன்ஜினியரா? டிசைன்ல குறைன்னு எப்படி நிரூபிக்கிறது?

பார்த்தால் தெரியாத குறையென்றால், பொருளையோ அதன் மாதிரியையோ ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. மனுவிலேயே அதைக் கேளுங்கள். கேட்காமல் விட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் நிறைய.

2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹூண்டாய் கிரெட்டா காற்றுப்பை வழக்கும் துணை நிற்கும். விபத்தில் காற்றுப்பை விரியவில்லை. விரியும் அளவுக்கு மோதல் பலமாக இல்லை என்றது நிறுவனம். வேகம், விசை என்று கணக்குப் போட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லி நிறுவனத்தின் மேல்முறையீட்டை நீதிமன்றம் தள்ளியது. அது காற்றுப்பை பற்றியது, ஹெட்ரெஸ்ட் பற்றியது இல்லை. ஆனால் பாதுகாப்புக்கென்று கொடுத்த பாகம் வேலை செய்ய வேண்டிய நேரத்தில் செய்யவில்லை என்ற வாதம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

17. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் பார்த்தேன், பின்னாடி ரெண்டும் காணோம்.

பழைய கார் விற்கும் நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் அவர்கள் கொடுத்த ஆய்வு அறிக்கையைப் பாருங்கள். அதில் ஹெட்ரெஸ்ட் இருப்பதாகச் சொல்லியிருந்தால் 5ஆம் பதில் அப்படியே பொருந்தும். தெரிந்தவரிடம் நேரில் வாங்கியிருந்தால் அவருக்கே போன் போட்டு "மாடியில கிடக்குதா அண்ணே" என்று கேட்பதுதான் வேகமான வழி. பெரும்பாலும் கிடக்கும். தயாரிப்பு நிறுவனத்துக்கு இதில் பொறுப்பில்லை.

18. பொண்ணு அமெரிக்காவுல இருக்கா. அவ வண்டியில இதே பிரச்சினை. அங்க எப்படி?

அங்கே தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதியலாம். பெயர் விவரம் நீக்கப்பட்டு, புகார் எல்லோரும் படிக்கும்படி இருக்கும். தன் மாடலுக்கு வேறு யார் இதையே சொல்லியிருக்கிறார்கள் என்று முதலில் தேடச் சொல்லுங்கள். வண்டியின் 17 இலக்க எண்ணைப் போட்டால் திரும்பப் பெறும் அறிவிப்பு உண்டா என்றும் தெரியும். அங்கே 15 வருடம் வரையான வண்டிக்கு அந்தப் பழுதை இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும்.

19. பின்னால இருந்து லாரி மோதிடுச்சு. அம்மாவுக்கு இன்னும் கழுத்து வலி. ஹெட்ரெஸ்ட் அப்போ கீழ இறங்கியிருந்துச்சு. யார் மேல கேஸ் போடறது?

இரண்டு தனி வழிகள். மோதிய லாரிக்கு எதிரான இழப்பீட்டை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்க வேண்டும். ஹெட்ரெஸ்ட் நிற்காததால் காயம் கூடியது என்பதற்கு, நுகர்வோர் சட்டத்தின் பொருள் பொறுப்புப் பிரிவின் கீழ் தயாரிப்பாளர் மேல் தனியாகக் கேட்கலாம். அதில் ஒரு நுணுக்கம் உண்டு: அந்தப் பிரிவு காயத்துக்கும் வேறு சொத்துச் சேதத்துக்கும்தான், குறையுள்ள பொருளுக்கே ஆன சேதம் அதில் வராது. ஹெட்ரெஸ்டையோ சீட்டையோ மாற்றித் தரும்படி கேட்பதைப் பொருளில் குறை என்ற தலைப்பில் அதே மனுவில் சேர்க்க வேண்டும்.

எதிர்த்தரப்பு கேட்கப்போவது இதுதான்: அது தானாக இறங்கியதா, இல்லை நீங்கள் தூக்கவே இல்லையா? விபத்துக்கு முன்பே ஜாப் கார்டில் எழுதியிருந்தால் நீங்கள் வலுவாக நிற்கலாம். பிறகு வாங்கிப் போட்ட சீட் கவர் பூட்டை அழுத்தியிருந்தால், மாற்றம் செய்தீர்கள் என்று திருப்பிவிடுவார்கள். அம்மாவை இன்றே எலும்பு மருத்துவரிடம் காட்டி, பின்புற மோதலுக்குப் பின் வந்த வலி என்பதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வண்டியைப் பட்டறைக்கு விடும் முன் ஹெட்ரெஸ்டைத் தொடாமல் நாலு பக்கமும் படம் எடுங்கள். இன்சூரன்ஸ் சர்வேயரிடம் அதன் நிலையையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டறையில் புதுசு மாட்டினால், பழைய ஹெட்ரெஸ்டையும் அதன் பூட்டையும் கேட்டு வாங்கி ஒரு பையில் கட்டி வையுங்கள்.